வலது கை லீவில் இருந்த ஆறு வாரம்

(மார்ச் மாத மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சின்ன அடிதானே சார், அதில் பேச என்ன இருக்கு?" என்றேன். "சின்ன அடி என்பதால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். பெரிய அடியென்றால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்" என்றார்.

மார்கழி இரண்டாவது வாரம், காலை ஐந்தரை மணி. கீழே போய் பால் பாக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தேன். நம் பிளாக் வாசலில் உள்ள சரிவுப் பாதை உங்களுக்குத் தெரியும், வழவழவென்று டைல்ஸ் போட்டது. பனி இறங்கி ஈரமாக இருந்தது. இருட்டு வேறு, மார்கழியில் சென்னையில் சூரியன் வர ஆறரை ஆகிவிடும். என் காலில் நாலு வருஷத்து ரப்பர் செருப்பு, அடியில் வரியெல்லாம் தேய்ந்துபோனது. வழுக்கியது, வலது கையை ஊன்றியபடி விழுந்தேன். இடது கையில் இருந்த பால் பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சரிவில் கைப்பிடி போட வந்த கொட்டேஷனை 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிவைத்த பொருளாளர் யார் என்று சிலருக்கு ஞாபகம் இருக்கும். நான்தான்.

விழுந்ததும் நான் செய்த முதல் காரியம், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார். "ஒண்ணும் இல்லப்பா, வீட்ல சொல்லாதே" என்றேன். மனைவி, ஏன் இடது கையில் காபி குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, தூக்கத்தில் சுளுக்கு என்றேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். அதற்குள் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. சோப்புத் தண்ணீர் போட்டு, நூல் சுற்றி, அரை மணி நேரம் போராடித்தான் கழற்றினாள். கையில் அடிபட்டால் வீக்கம் வருவதற்கு முன்பே மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றிவிடுங்கள். நல்லெண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்றார் ஒருவர், புத்தூர் கட்டு என்றார் இன்னொருவர். எக்ஸ்ரே எடுக்காமல் யாரையும் உருவ விடாதீர்கள்.

மூன்றாம் நாள் மகள் வீடியோ காலில் திட்டிய பிறகு எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குழி தெரியும், அங்கே அழுத்தினார். துள்ளிவிட்டேன். அந்த இடத்தில் படகு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கிறதாம். அதில் மெல்லிய கீறல் விழுந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதற்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனை வழியாகத்தான் போகிறது, கவனிக்காமல் விட்டால் சேராமலே போகவும் கூடும் என்றார். மாவுக்கட்டு போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பில்லை ஏற்றுகிறாரோ என்று கணக்குப் படித்த புத்தி நினைத்தது. இரண்டாவது படத்தில் கீறல் தெரிந்தது. மொத்தம் ஆறு வாரக் கட்டு.

கட்டோடு இருப்பது பெரிய கஷ்டமில்லை. முதல் சில நாள் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தால் வீக்கம் வடியும். வெளியே தெரியும் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குளிக்கும்போது பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும். வேட்டிக்கு விடை கொடுத்து எலாஸ்டிக் பேண்ட்டுக்கு மாறினேன். சாப்பாடு இடது கையில், ஸ்பூனால். ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு மோர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன். இதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும்.

பழகாதது ஒன்று. நான் இன்னும் மெயின்டனன்ஸுக்கு செக் கொடுக்கும் ஆள். ஜனவரி செக்கில் இரண்டு விரல்களுக்கு நடுவே பேனாவை இடுக்கிக் கையெழுத்துப் போட்டேன். நாலு நாளில் செயலாளர் வாசலில் வந்து நின்றார். கையில் செக், கூடவே சீட்டு. 'கையெழுத்து வேறுபடுகிறது.'

முப்பத்தைந்து வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து அதே காரணத்துக்காக எத்தனையோ செக்கைத் திருப்பியவன் நான். அன்று ராத்திரி ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். மாதம் தவறாமல் பென்ஷன் வாங்க வருவார். கை நடுக்கம். ஒரு நாள் அவருடைய படிவத்தை மூன்று முறை திருப்பிக் கொடுத்தேன். நாலாவது முறை, "தம்பி, நான்தான் நான்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். "ரூல்ஸ் சார்" என்றேன்.

ஆனால் ரூல்ஸில் வழியும் இருந்தது. உடம்பு முடியாமல் கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம். பேங்குக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி. கைரேகையும் முடியாதவருக்கு ஏதாவது ஓர் அடையாளக் குறி போதும், அதற்கும் அதே மாதிரி சாட்சிகள். உங்கள் வீட்டில் படுக்கையில் இருப்பவருக்கும் இது உண்டு, கூசாமல் கேளுங்கள். அந்தப் பெரியவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. க்யூ நீளமாக இருந்தது என்பதுதான் காரணம்.

எனக்கு அந்த வழியும் தேவைப்படவில்லை. எங்கள் கணக்கு ஆரம்பத்திலிருந்தே இருவர் பெயரிலும் இருப்பது, இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். "செக் புக்கைக் கொடு, நீயே போடு" என்றேன். அவள் செக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தைந்து வருஷம் ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தீங்க. எனக்கு ஒரு செக் எழுதச் சொல்லித் தந்தீங்களா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் செக் தேதி தப்பாகிக் கிழிபட்டது. இரண்டாவது சரியாக வந்தது. வீட்டுக்குப் போனதும் உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்: 'இருவரில் ஒருவர்' என்று இருக்கிறதா, 'இருவரும் சேர்ந்து' என்று இருக்கிறதா. இரண்டாவது என்றால், ஒருவர் கையில் கட்டு போட்டாலும் கணக்கு நின்றுவிடும்.

கட்டைப் பிரித்ததும் மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து அசைக்கவும், ஸ்பாஞ்ச் பந்தைப் பிசையவும் சொன்னார்கள். வீட்டில் பந்து வாங்கவில்லை, சப்பாத்தி மாவு கொடுத்துவிட்டார்கள். இப்போதும் அந்த வேலை என்னுடையதுதான். சரிவில் ரப்பர் விரிப்பு வந்துவிட்டது. கைப்பிடி கொட்டேஷன் இந்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது, இந்த முறை முன்மொழிவதும் நான்தான்.

என் கையெழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் விழுகிறது. ஏப்ரல் மெயின்டனன்ஸ் செக் ரெடியாக இருக்கிறது. அவள் போட்ட கையெழுத்து. செயலாளர் சார், இந்தத் தடவை திரும்பாது.