கை ஓங்கியவனைத் தடுத்தால் கேஸ் வருமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சட்ட விழிப்புணர்வுக் குழு சார்பில் பேசியது)



குழுக்களுக்குப் போகும்போது பல ஊர்களில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது: "அவன் அடிக்க வர்றான். நாம திருப்பி அடிச்சா நம்ம மேலதானே கேஸ் போடுவாங்க?" இந்தப் பயத்திலேயே நம்மில் பல பேர் அடியை வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறோம். சட்டம் அப்படி வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

இதற்குப் பெயர் தற்காப்பு உரிமை. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. நம் உடம்பை மட்டுமில்லை, பக்கத்து வீட்டு அக்காவைக் காப்பாற்றப் போனாலும் இந்த உரிமை உண்டு.

குடித்துவிட்டு வந்து அடிப்பவனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "போதையில தெரியாம செஞ்சுட்டான்" என்று ஊரில் சமாதானம் பேசுவார்கள். பேசட்டும். அவன் போதையில் இருந்தாலும் நம் தற்காப்பு உரிமை குறையாது என்று 36ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. புருஷன் என்பதற்காகவும் குறையாது.

எவ்வளவு அடிக்கலாம்? ஆபத்தைத் தடுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கன்னத்தில் அறைய வந்தவனை அரிவாளால் வெட்டினால் சட்டம் ஏற்காது. ஆனால் கொன்றுவிடுவான், கொடுங்காயம் செய்வான், பலாத்காரம் செய்வான், கடத்திப் போவான், ஆசிட் ஊற்றுவான் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில் தடுத்தபோது அவன் செத்தே போனாலும் குற்றமில்லை. இது 38ஆவது பிரிவு. மகளைப் பலாத்காரம் செய்தவனை மண்வெட்டியால் அடித்த ஒரு தகப்பனை 1992இல் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்திருக்கிறது. உயிர் பதைக்கும் நேரத்தில் தராசு வைத்து நிறுத்து அடிக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் ஒத்துக்கொள்கின்றன.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆபத்து இருக்கும் வரைதான் இந்த உரிமை. அவன் கீழே விழுந்துவிட்டான், கட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்றால் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு அடி அடித்தாலும் அது பழிவாங்கல், நம் மேல் கேஸ் வரும். நேற்று அடித்தான் என்பதற்காக இன்று தூங்கும்போது அடித்தாலும் அப்படித்தான். திருடனைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்களே, கட்டிவைத்தவனால் என்ன ஆபத்து? அவன் செத்துப்போனால் கூட்டத்தில் ஒரு அடி போட்டவரும் கொலைக் கேஸுக்கு அலைய வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து கை நீட்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

சரி, தடுத்து அடித்துவிட்டோம், அவனுக்குக் காயம். பயந்து ஒளிந்துகொள்ளாதீர்கள். அவன் முந்திக்கொண்டு புகார் கொடுத்தால் நாம் குற்றவாளி போல ஆகிவிடுவோம். உடனே 112க்கோ 181க்கோ போன் செய்யுங்கள். நமக்குச் சின்னக் காயம் என்றாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, யார் அடித்தது என்று சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிழிந்த ஜாக்கெட்டைத் துவைத்துவிடாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். தற்காப்புக்காகத்தான் செய்தோம் என்று கோர்ட்டில் காட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது; அதற்கு இவைதான் கை கொடுக்கும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நினைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கும் நேரில் போகலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவில் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

இப்போது உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள்.