வாசனையால் வண்டு பிடிப்போம்

(தீவகத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச வந்தது ஒரு வாசனையைப் பற்றி. வாசனை எண்டதும் சிரிக்க வேண்டாம். வேலணையிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும் நாங்கள் வைத்த தென்னம்பிள்ளைகளைக் காப்பாற்ற இது உதவும்.

தென்னைக்கு இரண்டு பெரிய எதிரிகள் உண்டு. ஒன்று கருவண்டு. தலையில் கொம்பு உள்ளபடியால் காண்டாமிருக வண்டு என்றும் சொல்வார்கள். இது பனையையும் விடாது. குருத்தைத் துளைக்கும், பிறகு விரியும் ஓலை கத்தரிக்கோலால் வெட்டினது போல இருக்கும். மற்றது செவ்வண்டு. கருவண்டு செய்த காயத்தை நாடி வந்து முட்டையிடும். புழு உள்ளேயிருந்து தின்னும். வெளியில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். நல்ல தண்ணீருக்கே கஷ்டப்படும் மண்ணில் ஐந்தாறு வருடம் தண்ணீர் சுமந்து வளர்த்த பிள்ளை வட்டோடு சரியும்.

முன்பு செவ்வண்டுக்கு மரத்தில் துளையிட்டு மோனோக்குரோட்டோபொஸ் என்ற கடும் நஞ்சை ஏற்றுவார்கள். அந்த நஞ்சு பல மனித உயிர்களையும் குடித்தது. 1995இல் இலங்கையில் அது தடை செய்யப்பட்டது. நஞ்சுப் போத்தல் இல்லாத வீடே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வீடு. ஆகையால் வேறு வழி தேவை.

பூச்சிகள் ஒன்றையொன்று வாசனையால் அழைக்கின்றன. அந்த வாசனைக்குப் பெரமோன் என்று பெயர். 1959இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் சுமார் ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து இப்படியொரு வாசனையை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று இவற்றைச் செயற்கையாகவே செய்கிறார்கள்.

இதைப் பயன்படுத்த இரண்டு வழி உண்டு. முதலாவது, ஏமாற்றுவது. தோட்டம் முழுவதும் பெண் அந்துப்பூச்சியின் வாசனையைப் பரப்பினால், எது உண்மையான பெண் எண்டு தெரியாமல் ஆண் அலையும். சேர்க்கை நடக்காது, புழுவும் பெருகாது. யப்பான் தேயிலைத் தோட்டங்களில் 1983 முதல் இப்படிச் செய்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆனால் ஒரே வாசனையையே வருடக்கணக்காகப் பாவித்ததால், 1990களின் நடுவில் சில இடங்களில் பூச்சி அதற்குப் பழகிவிட்டது. பிறகு வாசனைக் கலவையை மாற்ற வேண்டி வந்தது.

இரண்டாவது, அழைத்துப் பிடிப்பது. எங்கள் வண்டுகளுக்கு ஏற்றது இதுதான். செவ்வண்டின் வாசனையை 1993இலும் கருவண்டின் வாசனையை 1995இலும் கண்டறிந்து வெளியிட்டார்கள். இரண்டையும் விடுவது ஆண் வண்டு. அதற்கு ஆணும் வரும், பெண்ணும் வரும். முட்டையிட வேண்டிய பெண் வாளிக்குள் விழுவதுதான் எங்களுக்கு இலாபம்.

ஒரு பிளாஸ்ரிக் வாளியின் மேற்பக்கத்தில் நாலு துளை போடுங்கோ. வண்டு பிடித்து ஏற, வெளியில் சாக்குத் துணி சுற்றுங்கோ. மூடியின் உள்ளே வாசனைப் பொதியைத் தொங்கவிட்டு, அடியில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுங்கோ. செவ்வண்டுக்கு என்றால் தென்னை மட்டைத் துண்டுகளும் போட வேண்டும். கிழமைக்கு ஒருதரம் பார்த்துத் தண்ணீரையும் துண்டுகளையும் மாற்ற வேண்டும். செவ்வண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு ஒரு வாளி போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வாளியை இளம் பிள்ளைகளுக்கு நடுவில் வைக்கக் கூடாது. வாசனைக்கு வரும் வண்டு எல்லாம் வாளிக்குள் விழாது. சில பக்கத்து மரத்தில் இருக்கும். காணியின் ஓரத்தில், பிள்ளைகளுக்குத் தூரமாக வையுங்கோ.

அதோடு, ஒருவர் மட்டும் வைத்துப் பயனில்லை. பக்கத்து வளவில் உக்கின பனங்குற்றியும் கிளறாத எருக்கும்பியும் கிடந்தால் கருவண்டு அங்கே பெருகிக்கொண்டே இருக்கும். குற்றிகளை எரியுங்கோ. எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கோ. கோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தீவுக்கு ஒரு வசதி உண்டு. சுற்றிவரக் கடல்தான் வேலி. வெளியிலிருந்து வண்டு வருவது குறைவு. ஆனால் நாங்களே எருவிலும் குற்றியிலும் கன்றிலும் வைத்து வள்ளத்தில் ஏற்றி வந்தால் அந்த வேலியால் என்ன பயன்? இறங்குதுறையிலேயே பார்த்து இறக்குங்கோ.

வாசனைப் பொதி வாங்கும் விபரத்தைத் தெங்கு பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். தனியாகச் செலவழிக்க முடியாதவர்கள் நாலு வளவுக்காரர் சேர்ந்து வாங்குங்கோ. வண்டுக்கு வேலியும் தெரியாது, எல்லையும் தெரியாது. நாங்களும் எல்லையைப் பாராமல் ஒன்றுசேர்ந்தால்தான் அதை வெல்லலாம்.