கிரகங்களைக் கண்ணால் பாருங்கள்!

(கலசப்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் தூரதிருஷ்டிக் கண்ணாடி, அதாவது தொலைநோக்கி. சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. பாவு பிணைத்து, ஊடை போட்டு, ஆரணிப் பட்டு நெய்கிற இந்தப் பக்கத்து வீடுகளிலே, செவ்வாய் தோஷம் என்கின்ற ஒரு சொல்லால் எத்தனை பெண்களின் கலியாணம் தட்டிப் போகின்றது? அந்தச் செவ்வாய் எது என்று வானத்தில் கை நீட்டிக் காட்ட, ஜாதகம் பார்த்தவருக்காவது பெண்ணைப் பெற்றவருக்காவது தெரியுமா? பட்டுச் சேலை வாங்க வருகிறவர் ஜரிகையை உரசிப் பார்த்துத்தான் பணத்தை எடுக்கிறார். சேலைக்கு உள்ள சோதனை மகளின் வாழ்வுக்கு வேண்டாமா?

நவக்கிரகம் என்கிறார்கள். கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். சூரியன் கிரகமல்ல, நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றி வருவது. ராகு, கேது என்பவற்றை எவ்வளவு பெரிய கண்ணாடியிலும் காண முடியாது. சந்திரன் செல்லும் வழியும் சூரியன் செல்வதாகத் தோன்றும் வழியும் வெட்டிக் கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு வைத்த பெயர்கள் அவை. நாம் நிற்கின்ற பூமியோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடியால் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அவருக்கு அப்போது ஜீவனம் சங்கீதம். 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த இரண்டும் எந்தப் பெண்ணின் கலியாணத்தைத் தடுத்தன?

சனி சூரியனை ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 29.5 வருஷம் ஆகிறது. அதைப் 12 ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு 2.5 வருஷம், மூன்று ராசிக்கு 7.5 வருஷம். ஏழரை நாட்டுச் சனி என்பது இந்தக் கணக்குத்தான். 12 ராசியில் எப்போதும் 3 ராசிக்காரருக்கு அது உண்டு என்றால், உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவர் எந்த நேரமும் சனியின் பிடியில் இருக்க வேண்டும். இதை நம்ப முடியுமா?

சரி, எந்தக் கண்ணாடி வாங்குவது? இதிலும் ஏமாற்று இருக்கிறது. பெட்டியின் மேல் "500 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று அச்சடித்து விற்பார்கள். அதை நம்புவதும் ஜோசியத்தை நம்புவதும் ஒன்றுதான். ஆடியின் குறுக்களவு எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் வெளிச்சத்தைச் சேர்ப்பது. குறுக்களவு இரட்டித்தால் வெளிச்சம் நான்கு பங்காகும். மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பது பெருக்கத்தின் எல்லை. 60 மில்லிமீட்டர்க் கண்ணாடி 120 மடங்குக்கு மேல் காட்டினால் உருவம் மங்கிக் குழம்புமே தவிர விளங்காது. குழலின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் வந்துவிடும். 900ஐ 25ஆல் வகுத்தால் 36 மடங்கு. சனியின் வளையம் தெரிய அது போதும்.

பணம் குறைவாயிருந்தால் முதலில் 7×50 அல்லது 10×50 என்ற இரட்டைக்குழல் கண்ணாடி போதும். பலர் சேர்ந்து வாங்குவதானால் 114 முதல் 130 மில்லிமீட்டர் வரை உள்ள குழியாடிக் கண்ணாடி நல்லது. தாங்கி ஆடக் கூடாது. கால் ஆடினால் நட்சத்திரமும் ஆடும். அமெரிக்காவிலே ஜான் டாப்ஸன் என்பவர் மரப்பெட்டித் தாங்கி ஒன்றைப் பரவச் செய்து, 1960களிலிருந்து தெருவோரத்தில் கண்ணாடியை நிறுத்தி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அப்படிப்பட்ட தாங்கியை நம்மூர்த் தச்சரும் செய்யலாம்.

உபயோகிக்கும் முறையையும் சொல்லுகிறேன். பகலில் தூரத்துப் பனைமரம் ஒன்றைப் பார்த்து, பக்கத்துச் சிறு குழலைப் பெரிய குழலோடு நேர்படுத்திக் கொள்ளுங்கள். இரவில் அரை மணி முன்னதாக வெளியே வைத்துக் குளிர விடுங்கள். முதலில் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். உருவம் தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சந்திரனைப் பௌர்ணமியில் பார்ப்பதைவிட அரைச் சந்திரனில் பாருங்கள். மலைகளின் நிழல் தெரியும். வியாழனைச் சுற்றும் நான்கு சந்திரன்கள் நாளுக்கு நாள் இடம் மாறுவதைக் குறித்து வையுங்கள். 1610இல் கலீலியோ கண்டது இதைத்தான். ஆனால் சூரியனை மட்டும் எக்காரணத்தாலும் கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள். ஒரு கணத்தில் கண் போய்விடும். இதில் தோஷமில்லை, பரிகாரமுமில்லை, வெறும் சூடுதான்.

நம் வானம் மட்டமானதென்று நினைக்க வேண்டாம். வேணு பாப்பு என்ற அறிஞர் நமது ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் ஆடியுடன் அங்கு வேலை ஆரம்பமாயிற்று. 1972இல் 1 மீட்டர் கண்ணாடி வந்தது. யுரேனஸுக்கும் வளையம் உண்டு என்பது தெரிய வந்த 1977ஆம் வருஷத்து ஆராய்ச்சியில் காவலூருக்கும் பங்குண்டு. 1986 முதல் அங்கு 2.34 மீட்டர் கண்ணாடி, பாப்புவின் பெயரோடு இருக்கிறது. அந்த மலையின் மேல் உள்ள வானமேதான் உங்கள் கொல்லைப்புறத்திலும் இருக்கிறது.

செவ்வாய் மிகக் கிட்ட வரும்போதும் 5.5 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. 2014 செப்டம்பர் 24இல் இந்தியாவிலிருந்து சென்ற கலம் அதைச் சுற்ற ஆரம்பித்தது. மனிதன் செய்த கருவி செவ்வாயைச் சுற்றுகின்ற காலத்திலே, செவ்வாய்க்குப் பயந்து நம் பெண்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பது மானமுள்ள செய்கையா?

ஆகவே, தோழர்களே! பரிகாரத்துக்கென்று எடுத்து வைக்கும் பணத்தைத் தெருவுக்குத் தெரு சேர்த்து ஒரு கண்ணாடி வாங்குங்கள். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். செவ்வாய் என்பது சிவந்த சிறு வட்டமாக இருப்பதைத் தன் கண்ணால் பார்த்த பெண்ணிடம், அது உன் கழுத்தில் தாலி ஏறாமல் தடுக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். அவளே சிரித்துப் பதில் சொல்லுவாள்.