குட்டி நாயும் நம் குடியிருப்பும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் எரியோடு குடியிருப்பில் இந்த மாதம் 3 வீடுகளுக்குக் குட்டி நாய் வந்திருக்கிறது. அதனால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் பயிற்சியாளன் இல்லை. ஒரு நாயைத் தப்பாக வளர்த்துக் கற்றுக்கொண்டவன்.

முன்பு ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. கூப்பிட்டால் திரும்பியே பார்க்காது. திமிர் என்று நினைத்து அடித்தேன். ஒரு வருடத்தில், கையை நீட்டினாலே கடிக்க வந்தது. தோட்டத்துக் காவலுக்கென்று கொடுத்துவிட்டேன். அதன்பிறகுதான் கால்நடை மருத்துவர் ஒருவர் சொன்னார், வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு என்று. எங்கள் குட்டிக்கும் காது கேட்கவில்லை. பாவம், எதற்கு அடி விழுகிறது என்றே அதற்குத் தெரிந்திருக்காது.

அதனால் முதல் நாளே, குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத குட்டிக்கும் கைச் சைகையில் எல்லாம் பழக்கலாம்.

2 மாதம் நிறையாத குட்டியை வாங்காதீர்கள். விற்பதே 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி தவறு. எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போனால் உடனே தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பயத்தைத்தான் கற்றுக்கொடுக்கும்.

கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துவிடுங்கள். மேலே தாவினால் கொஞ்சாதீர்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது கொஞ்சுங்கள். இன்று 3 கிலோ குட்டி தாவினால் சிரிப்போம். நாளை 25 கிலோ நாய் தாவினால், மாடிப்படியில் இறங்கும் நம் பாட்டி விழுந்துவிடுவார்.

முதல் 3, 4 மாதத்தில் பழகுவதுதான் கடைசி வரை நிற்கும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டே லிப்ட், வாட்ச்மேன், ஸ்கூட்டர் சத்தம் எல்லாவற்றையும் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை 3-ஆம் மாதம் போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். தினமும் சில நிமிடம் தனியே இருக்கவும் பழக்குங்கள். பக்கத்து வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நாய் வளர்க்காதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளர்ப்பவரைக் கேட்காமல் குழந்தைகள் குட்டியைத் தொட வேண்டாம். பயப்படுகிறவர் லிப்டில் இருந்தால் நாங்கள் அடுத்த லிப்டில் வருகிறோம்.

இப்போது எங்களிடம் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறது. இதுவரை ஒரு அடி வாங்கியதில்லை. கூப்பிட்டால் வருகிறது. முதல் குட்டிக்கு நான் கொடுக்காத பொறுமையை நீங்கள் உங்கள் குட்டிக்குக் கொடுங்கள்.