கணக்கில் வராத ஆயா

பிள்ளை வளர்ப்பை ஒரு கலையாக எடுத்துக்கொண்டால், நம் ஜொகூர் தோட்டங்களில் அதில் கைதேர்ந்தவர் யார்? தாய் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நான் ஆயாவைச் சொல்வேன்.

புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் பொறுப்புகளைப் பங்குபோட்டுக் கொடுக்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நல்ல நெறி தருவது வேந்தனுக்கு, யானையை வீழ்த்தி மீள்வது பிள்ளைக்கு. ஓர் ஆள் உருவாக ஊரே உழைக்கிறது, உண்மைதான். படைக்கு ஆள் சேர்க்கும் நோக்கமும் கூடவே இருக்கிறது. 1762இல் ‘எமீல்’ எழுதிய ரூசோ, தாய்மார் தாமே பாலூட்டினால் நாடே திருந்தும் என்றார். தம் ஐந்து பிள்ளைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பியவர் அவர்!

விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடவேண்டிய தாய் இந்த இருவர் நினைப்பிலும் இல்லை. குளுவாங், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் அந்நாளில் அதுதான் பெண்களின் அன்றாடம். வெயில் ஏறுமுன் மரப்பட்டையை வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டிலேயே ஆயாக் கொட்டகைக்கு நடை. அங்கே உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒன்றைக் காலால் உந்தி, இன்னொன்றைக் கையால் ஆட்டி, மடியில் கிடப்பதற்குக் கஞ்சி ஊட்டுவார் ஆயா. தெலுங்கு வீட்டுப் பிள்ளை, மலையாள வீட்டுப் பிள்ளை, எந்த லயத்துப் பிள்ளையானாலும் ஒரே அதட்டல், ஒரே தாலாட்டு. முறை வரும்வரை காத்திருக்கவும், இருப்பதைப் பங்கிட்டுத் தின்னவும் பிள்ளைகள் பழகியது அங்கேதான். குறையும் உண்டு, ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் கொட்டகைக்கே சளி.

பள்ளிக்கூடம் அப்புறம் வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஜொகூரிலும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. தொழிலாளி மகன் படித்துத் துரையாக வேண்டும் என்று எந்த நிர்வாகமும் அவற்றை நடத்தவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. 1970இல் ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு வந்தது. பேரப்பிள்ளை அதன் ஐந்து கோட்பாடுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்க, குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு குடியுரிமைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த பாட்டிகள் உண்டு. குடிமக்களை வளர்த்த கைகள் அவை.

இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. ஜொகூர் பாருவில் இருட்டோடு பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகும் தாய், பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விடுகிறார். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேராவது இருந்தால்தான் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி அந்த வீடு பராமரிப்பு மையம். மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் அக்கா அந்தச் சட்டத்திலும் வரமாட்டார்.