நகர்நடுவும் அதனைக் கட்டிய கைகளும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சை, திருவாரூர் ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில், சிங்கப்பூருக்கு மகனை அனுப்பிவிட்டு அவன் குரலுக்காகக் காத்திருக்கும் இல்லங்கள் பல. அத்தகைய இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வானைத் தொடும் கட்டடம் ஒன்றின் படத்தை மகன் அனுப்புகிறான். “அம்மா, இது நாங்கள் கட்டியது” என்கிறான். தாய்க்கோ பெருமை தாளவில்லை. பக்கத்து வீட்டாருக்கெல்லாம் படத்தைக் காட்டுகிறாள். பின்னர் ஒன்று கேட்கிறாள்: “இதில் நீ இருப்பது எந்த மாடியடா?”

மகனிடம் அதற்கு விடையில்லை. அவனிடம் மட்டுமன்று, அந்நகரை வகுத்தவர்களிடமும் அதற்கு விடையில்லை. அந்தத் தாயின் வினாவே இன்றைய உரையின் பொருள்.

உலகப் பெருநகரங்களின் நடுப்பகுதிகளில் இக்காலத்தே எழும் கட்டடங்கள் பெரும்பாலும் ஒரு பயனுக்கு மட்டும் உரியன அல்ல. கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேல் வீடுகள், ஒரு பக்கம் தங்குமனை, நிலத்தடியில் தொடர்வண்டி நிலையம். இவற்றைப் பல்பயன் கட்டடங்கள் எனலாம். வேலை செய்யுமிடமும் வாழுமிடமும் வாங்குமிடமும் ஒன்றாக இருந்தால் மக்கள் நாள்தோறும் நெடுந்தொலைவு அலைய வேண்டா. மாலையில் அலுவலகங்கள் அடைபட்ட பின்னும் தெரு உயிரோடு இருக்கும். குறைந்த நிலம் நிறைந்த பயன் தரும். இவையே நகரமைப்பாளர் கூறும் காரணங்கள். மூன்றும் உண்மை.

ஆயினும், இது புதுமை என்று சொல்வது மட்டும் உண்மையன்று. சிங்கப்பூரின் நடுநகர் முதன்முதல் தோன்றியதே பல்பயன் நகராகத்தான். ஆங்கிலேயர் இராபிள்சு 1822இல் நகரை வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் மக்கள் நடந்து செல்லக் கூரையிட்ட நடைவழி விடவேண்டும் என விதித்தார். அந்நாட்டுத் தமிழர் இன்றளவும் ‘அஞ்சடி’ என்று அழைப்பது அதனையே. அஞ்சடியை ஒட்டிக் கடை. கடைக்கு மேல் வீடு. தையற்காரரும் துணி வணிகரும் பொற்கொல்லரும் கீழே உழைத்தனர், மேலே உறங்கினர். உழைப்பவனுக்கும் உறைவிடத்துக்கும் இடையே ஓர் ஏணிப்படியே தொலைவாக இருந்தது.

அவ்வாழ்வில் துன்பமே இல்லை என்று எவரும் கருதிவிட வேண்டா. ஒரு மாடியைப் பல அறைகளாகத் தடுத்துக் காற்றும் ஒளியும் புகாத இருட்டறைகளில் குடும்பங்கள் நெருக்குண்டு கிடந்தன. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அம்மக்களைப் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டு சென்றது. அது போற்றத்தக்க பணியே. 1966இல் இயற்றப்பெற்ற நிலமெடுப்புச் சட்டத்தின் துணையால் நடுநகரின் பழைய வீடுகள் பல அகற்றப்பட்டு, அங்கு அலுவலகங்களும் வங்கிகளும் எழுந்தன. 1970களிலும் 1980களிலும் கடலையே தூர்த்து மரீனாப் பகுதியில் புதுநிலம் படைத்தனர். முன்னாளில் கடற்கரையாக இருந்த தெலுக் ஆயர் தெரு இன்று உள்நாட்டுத் தெருவாகிவிட்டது.

விளைந்தது யாது? பகலெல்லாம் மக்கள் வெள்ளம். இரவில் ஆளரவம் அற்ற தெருக்கள். நகரின் நடு, பகலில் மட்டும் துடிக்கும் நெஞ்சாயிற்று. அக்குறையை உணர்ந்தே மீண்டும் பல்பயனை நாடினர். 2016இல் தஞ்சோங் பகார் தொடர்வண்டி நிலையத்தின் மேல் குவோக்கோ கோபுரம் எழுந்தது. 290 மீட்டர் உயரம். நிறைவுற்றபோது அந்நாட்டின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே. அதில் கடைகள் உண்டு, அலுவலகங்கள் உண்டு, தங்குமனை உண்டு, 39ஆம் மாடி முதல் 64ஆம் மாடி வரை வீடுகள் உண்டு. 2019இல் வரைவான நகரமைப்புத் திட்டம், நடுநகரின் பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்து, வீடும் தங்குமனையும் கலந்த கட்டடங்களாக்குவோர்க்குக் கூடுதல் தளப்பரப்பு வழங்குவதாக அறிவித்தது. இதன்பின், சென்டன் வே சாலையில் 1986இல் எழுந்த, ஏறத்தாழ 235 மீட்டர் உயரமான கட்டடமும் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 305 மீட்டர் உயரத்தில் பல்பயன் கட்டடம் ஒன்றை 2028இல் முடிப்பதாகத் திட்டம்.

எளியோரை நடுநகரில் குடியமர்த்த இயலாதென்பாரும் உளர். அதற்கு மறுமொழியும் அங்கேயே இருக்கிறது. தஞ்சோங் பகாரின் டக்சுடன் பகுதியில் 1960களில் கட்டிய இரண்டு பத்துமாடிக் குடியிருப்புகள் நின்ற இடத்தில், 2009இல் ஏழு கட்டடங்களை ஐம்பது மாடி உயரத்திற்கு எழுப்பினர். 1,848 வீடுகள், அத்தனையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் குடிமக்களுக்காகக் கட்டியவை. நாட்டிலேயே விலைமிக்க நிலங்களுள் ஒன்றில் பொதுமக்களைக் குடிவைக்க அவ்வரசுக்கு மனமிருந்தது, வழியும் பிறந்தது. மனம் வேண்டும், அவ்வளவே.

பெருமக்களே! அந்நகரைக் கட்டியோர் யாவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1819இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்திறங்கிய தமிழர் நாராயண பிள்ளை. வந்தவர் கண்டது வீடின்றித் தவித்த ஊர். பினாங்கிலிருந்து தச்சரையும் கொத்தரையும் வரவழைத்துத் தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை ஒன்றை அமைத்தார். அந்நாட்டின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என வரலாறு குறிப்பது அவரையே. 1827இல் அவர் தோற்றுவித்த மாரியம்மன் கோயில் தெற்குப் பாலச் சாலையில் இன்றும் நிற்கிறது. தமிழன் செங்கல் சுட்ட தஞ்சோங் பகாரில்தான் 290 மீட்டர்க் கோபுரம் எழுந்திருக்கிறது!

1825 முதல் 1873 வரை, சென்னை, வங்காளம் முதலிய பகுதிகளிலிருந்து நாடுகடத்தப்பட்ட சிறையாளிகள் அந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் அமைத்தனர். 1862இல் திருநிலை பெற்ற தூய அந்திரேயர் பேராலயம் அவர்கள் கைவண்ணமே. அதன் உட்சுவர்களுக்குப் பூசிய சாந்தை இன்றும் சென்னைச் சுண்ணம் என்றே குறிப்பிடுகின்றனர். கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைக் கூட்டி, தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்து, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றிய சாந்து அது. அந்த அறிவு எந்தக் கல்லூரியிலும் கற்றதன்று. கொத்தர் குடும்பங்களில் கைவழி வந்தது.

இன்று செங்கல்லுக்கு மாறாகக் கற்காரை. சாந்துக்கு மாறாக எஃகும் கண்ணாடியும். தூர்த்த நிலத்தின் சேற்றுக்களியை ஊடுருவி, உறுதியான அடுக்கு எதிர்ப்படும்வரை ஆழத் தூண்களை இறக்குகின்றனர். கம்பி கட்டுவோரும் சாரம் ஏறுவோரும் கற்காரை வார்ப்போருமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள நாட்டிலிருந்தும் சீனத்திலிருந்தும் சென்றவர்கள் உழைக்கின்றனர். கருவிகள் மாறின, கைகள் மாறவில்லை.

அவர்கள் உறைவது எங்கே? நகர்நடுவில் அன்று, தீவின் ஓரங்களில் உள்ள தொழிலாளர் விடுதிகளில். விடியுமுன் எழுந்து, சரக்குந்தின் பின்தட்டில் ஏறி, கட்டடத்துக்கு வருவோர் பலர். இரவு அதே தட்டில் திரும்புகின்றனர். ஏற்றிய பொருள் இறங்கிய வண்டியில் மனிதர் ஏற்றப்படுவது பற்றி அந்நாட்டுப் பாராளுமன்றத்திலேயே பலமுறை வினா எழுந்துள்ளது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது விடுதிகளின் நெருக்கடி உலகுக்கு வெளிப்பட்டது. விடுதிவாழ் தொழிலாளர் ஏறத்தாழ 3 இலக்கத்து 20 ஆயிரம் பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர்க்கு நோய் தொற்றியதாக அவ்வாண்டு திசம்பரில் அரசே அறிவித்தது.

அதன்பின் 2021இல் புதிய விடுதிகளுக்கு நெறி வகுத்தனர்: அறைக்குப் பன்னிருவருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும். முன்னிருந்ததைவிட இது நன்றே, மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணக்கை அடியில் பாருங்கள். ஏறத்தாழ 45 சதுர அடி. குவோக்கோ கோபுரத்தின் உச்சியில் மூன்று தளங்கொண்ட வீடு ஒன்று உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர அடி. 2019இல் அது 7 கோடியே 38 இலக்கம் சிங்கப்பூர் வெள்ளிக்கு விலைபோயிற்று. பல்பயன் என்கிறார்கள். எல்லாப் பயனும் அங்கு உண்டு. கட்டியவன் படுக்க ஒரு பாய் விரிக்கும் பயன் ஒன்றே அங்கு இல்லை.

“அவர்கள் தாமே விரும்பிச் சென்றவர்கள், ஊரில் பெறும் கூலியைவிட மிகுதியாகப் பெறுகிறார்கள், அந்தப் பணத்தால் இங்கு வீடு எழுகிறது, தங்கையின் திருமணம் நடக்கிறது” என்று கேட்போர் உண்டு. கேட்பது முறையே. சொல்வதும் உண்மையே. ஆனால் முகவர்க்குக் கொடுக்கக் கடன்பட்டுச் சென்றவன், தொடக்கத் திங்கள்களின் கூலியை அக்கடனுக்கே கொடுக்கிறான் என்பதும் உண்மை. விரும்பி வந்தான் என்பது அவனுக்குக் குறைவாகக் கொடுப்பதற்குக் காரணம் ஆகாது. விருந்தினன் விரும்பித்தான் வருகிறான். அதனால் அவனைத் திண்ணையில் கிடத்துவார் உண்டோ?

இனி மொழிக்கு வருவோம். சிங்கப்பூர் 1965இல் தனிநாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழையும் ஆட்சிமொழியாக ஏற்றது. இந்திய நடுவணரசு இன்றளவும் தமிழுக்குத் தராத இடத்தை அச்சிறுநாடு தந்தது. அந்நன்றியை மறத்தல் கூடாது. தொடர்வண்டி நிலையப் பலகைகளிலும் தமிழ் எழுத்து உண்டு. ஆயினும், 2013இல் நகர்நடுவில் திறந்த நிலையம் ஒன்றின் பெயர்ப்பலகையைக் காணுங்கள். சீனர் தம் மொழியில் ‘நகரின் நடு’ எனப் பொருள்படும் சொல்லை எழுதியுள்ளனர். தமிழிலோ ‘டௌன்டவுன்’! எழுத்து தமிழ், சொல் தமிழன்று. ‘மரீனா பே’ என்பதும் அவ்வாறே. விரிகுடா என ஒரு சொல் தமிழில் இல்லையா? நகர்நடுவம் என்றால் எவருக்கு விளங்காது?

அதே நகரில் இன்னொரு பலகையையும் காணுங்கள். கட்டடம் எழும் இடத்தில், பள்ளத்தின் விளிம்பிலும் பாரந்தூக்கியின் அடியிலும் மாட்டிய எச்சரிக்கைப் பலகைகளில் தமிழ் உண்டு. அங்கே ஆங்கில ஒலியைத் தமிழில் எழுதி வைப்பதில்லை. பொருள் விளங்கும் தமிழையே எழுதுகின்றனர். ஏன்? விளங்காவிட்டால் உயிர் போகும். ஆக, இடர் உள்ள இடத்தில் தமிழ் மொழியாகிறது. இடர் நீங்கிப் பெருமை வந்தபின் தமிழ் வெறும் வரிவடிவமாகிறது. கட்டும்வரை தொழிலாளி வேண்டும், கட்டிய பின் அவன் தீவின் ஓரத்துக்குப் போகவேண்டும்; கட்டும்வரை அவன் மொழி வேண்டும், கட்டிய பின் அது ஒலியாகச் சுருங்கவேண்டும். இரண்டும் ஒரே நிலையின் இரு முகங்கள்.

நகரை எவ்வாறு காணவேண்டும் என்பதைத் தமிழன் பிறரிடம் கற்கவேண்டியதில்லை. சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகக் காட்டி, இடையே நாளங்காடியை வைத்தது. இளங்கோவடிகள் வணிகரையும் மன்னரையும் மட்டும் பாடி நிறுத்தவில்லை. தச்சரும் கொல்லரும் தையற்காரரும் மட்கலம் வனைவோரும் அந்நகரின் உறைவோராகவே அவர் பாட்டில் இடம்பெற்றனர். கடல்கடந்து வந்த வேற்றுமொழியாளர்க்கும் கரையில் இருப்பிடம் இருந்தது. தொழிலாளியை எண்ணாமல் நகரை எண்ணுவது அவருக்குத் தெரியவில்லை.

செய்யத்தக்கவை மூன்று. மகனை அனுப்பும் பெற்றோர், முகவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கைநாட்டு வையாமல், கூலி, வேலை, உறைவிடம் மூன்றும் எழுத்தில் உள்ளனவா எனத் தமிழில் படித்தறிந்த பின்னரே அனுப்புதல் வேண்டும். தமிழறிஞர், ‘கடைக்கால், சாரம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், கொத்துக்கரண்டி’ எனத் தொழிலாளி நாவில் வாழும் சொற்களைத் திரட்டி, புதிய கட்டடக்கலைக்கு அவற்றிலிருந்தே சொல்லாக்கித் தருதல் வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர், ஆட்சிமொழி உரிமையைத் துணைக்கொண்டு, நகர்நடுவின் பெயர்களைப் பொருள் விளங்கும் தமிழில் எழுதுமாறு கேட்டல் வேண்டும். அப்படிக் கேட்கும் வாயால், அவற்றைக் கட்டியவனுக்கு மனிதர்க்குரிய வண்டியும் நடுநகருக்கு அணித்தான உறையுளும் வேண்டும் என்றும் கேட்டல் வேண்டும். மொழிக்குப் பேசி, அம்மொழியைப் பேசும் உழைப்பாளிக்குப் பேசாதிருப்பது மொழிப்பற்று ஆகாது.

“நீ இருப்பது எந்த மாடியடா?” என்று அந்தத் தாய் கேட்டாள். அவள் கேட்டது மகனை. விடை சொல்ல வேண்டியவர்கள் நகரை வகுப்பவர்கள். அவ்விடை வரும்வரை அவ்வினா ஓயாதிருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வாழ்க உழைப்பாளர்!