முறிந்த இடத்தைத் தொடாத சத்திரசிகிச்சை



பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பாதையில், நுரைச்சோலைக்குப் பக்கத்தில் இருக்கிறது மாம்புரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல் நிலம். கரைவலை இழுப்பவர்களுக்கும், தோணி தள்ளுபவர்களுக்கும், மணலில் வெங்காயமும் மிளகாயும் போடுபவர்களுக்கும் கைதான் முதல். அந்தக் கை முறிந்தால் அன்றைக்கே வீட்டு வருமானம் நின்றுவிடும். ஆகவே மேற்கை எலும்பு முறிவைப் பற்றியும், அதற்குச் சிறு வெட்டின் வழியாகத் தகடு வைக்கும் முறையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தோளுக்கும் முழங்கைக்கும் இடையில் இருப்பது ஒற்றை எலும்பு. இளைஞர்களுக்கு அது பெரும்பாலும் நடுப்பகுதியில் முறிகிறது. மோட்டார் சைக்கிள் விபத்து, மரத்திலிருந்து விழுதல், இரவில் பாதைக்கு வந்துவிடும் மாட்டிலோ கழுதையிலோ மோதுதல் எல்லாம் இதற்குக் காரணங்கள். வயதான பெண்களுக்குக் கிணற்றடியில் கால் வழுக்கினாலே போதும், தோளுக்குச் சற்றுக் கீழே முறிந்துவிடும். எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பதுதான் அதற்குக் காரணம்.

முறிந்த அந்த நிமிடத்திலேயே உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. எலும்பின் முனைகளைச் சுற்றி இரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைந்த இரத்தத்துக்குள் எலும்பை வளர்க்கும் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன. சில கிழமைகளில் அங்கே மென்மையான ஒரு திரட்சி உண்டாகி, பிறகு இறுகி, புது எலும்பாகிறது. எந்த மருத்துவம் செய்தாலும் எலும்பைப் பொருத்துவது உடம்புதான். அது வேலையை முடிக்கும்வரை முனைகளை நேராக வைத்திருப்பதும், அங்கே போகும் இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் இருப்பதும் வைத்தியரின் பொறுப்பு.

1958ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடி ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். தகடும் திருகாணியும் வைத்து எலும்பைப் பொருத்துவதற்கு உலகம் முழுவதும் பாடம் சொன்னவர்கள் அவர்கள். முறிந்த துண்டுகளை இம்மியும் பிசகாமல் சேர்த்து, அசையாமல் இறுக்க வேண்டும் என்பது அவர்களுடைய அன்றைய கொள்கை. அதற்கு நீளமாக வெட்டி, தசையை விலக்கி, முறிந்த இடத்தைத் திறக்க வேண்டும். இரண்டு துண்டாகச் சீராக முறிந்த எலும்புக்கு அது இன்றைக்கும் நல்ல முறை. ஆனால் நாலைந்து துண்டாகச் சிதறிய எலும்பில் ஒவ்வொரு துண்டையும் எடுத்துச் சேர்க்கப் போனால், அந்தத் துண்டுகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த தசை அறுந்துபோகிறது. உடம்பு கட்டத் தொடங்கிய திரட்சியும் கலைகிறது. எலும்பு பொருந்தத் தாமதமாகிறது, கிருமி தொற்றும் ஆபத்தும் கூடுகிறது.

இதைக் கண்ட பிறகு 1990களில் சிந்தனை மாறியது. முறிந்த இடத்தைத் திறக்காமல், அதற்கு மேலேயும் கீழேயும் மட்டும் சிறிதாக வெட்டி, தசைக்கு அடியில் தகட்டைச் செலுத்தும் முறை முதலில் காலெலும்புகளில் பரவியது. மேற்கைக்கு அது வரத் தயங்கியதற்குக் காரணம் ஒரு நரம்பு. ஆரை நரம்பு மேற்கை எலும்பின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, எலும்பை ஒட்டியே இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்துவது அதுதான். பார்க்காமல் தகட்டைத் தள்ளி அந்த நரம்பை நசுக்கிவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சினார்கள். 2004இல் பிரேசிலைச் சேர்ந்த லிவானி, பெலாஞ்செரோ என்ற இரண்டு நிபுணர்கள், கையின் முன்பக்கமாகப் போனால் நரம்பை விட்டு விலகிப் போகலாம் என்று செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு தாய்லாந்தில் அபிவத்தகாகுல் என்ற நிபுணரும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் உடலில் அந்தப் பாதையை அளந்து பார்த்தார்கள். தகட்டுக்கும் நரம்புக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். உள்ளங்கை மேல்நோக்கி இருந்தால் அந்த இடைவெளி கூடுகிறது, கவிழ்ந்தால் குறைகிறது. ஆகவே இந்தச் சத்திரசிகிச்சை நடக்கும்போது நோயாளியின் உள்ளங்கையை வானம் பார்க்க வைத்திருப்பார்கள். அந்தச் சின்ன ஒழுங்கு ஒரு மனிதரின் விரல்களைக் காப்பாற்றுகிறது.

தோளுக்குக் கீழே ஒரு வெட்டு, முழங்கைக்கு மேலே ஒரு வெட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 முதல் 5 சென்ரிமீட்டர். கீழ்வெட்டில் தசையை அதன் நார் ஓடும் திசையிலேயே பிளந்து, எலும்பை ஒட்டி ஒரு வழி உண்டாக்குவார்கள். நீளமான தகடு அந்த வழியாகப் போகும். உதவியாளர் கையை இழுத்துப் பிடிக்க, எக்ஸ்-கதிர்த் திரையைப் பார்த்து நீளத்தையும் நேரையும் சரிசெய்வார்கள். பிறகு மேலே இரண்டு மூன்று, கீழே இரண்டு மூன்று திருகாணிகள். நடுவில் முறிந்த இடம் திறக்கப்படுவதே இல்லை. எங்கள் ஊர் முறிவு வைத்தியர் வெளியே மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதை, இவர்கள் தோலுக்கு உள்ளே, எலும்புக்குப் பக்கத்திலேயே வைத்துக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தழும்பு சிறியது என்பதற்காகச் செய்கிற வேலை இல்லை இது. இரத்த ஓட்டம் அப்படியே இருக்கிறது என்பதுதான் இதன் பெருமை.

அப்படியானால் கை முறிந்த எல்லோருக்கும் தகடு வேண்டுமா? வேண்டியதில்லை. 1977இல் சார்மியெண்டோ என்ற நிபுணர், மேற்கையைச் சுற்றி ஓர் உறை மாட்டி, முழங்கையை அசைய விட்டே பெரும்பாலான நடுப்பகுதி முறிவுகளைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். சற்று வளைந்து பொருந்தினாலும், இரண்டு மூன்று சென்ரிமீட்டர் குட்டையானாலும் மேற்கை அதைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே வேலை செய்யும். 2020இல் பின்லாந்தில் 82 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், தகடு வைத்தவர்களுக்கும் உறை போட்டவர்களுக்கும் ஓர் ஆண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உறை போட்டவர்களில் 100க்கு 30 பேர் பிறகு சத்திரசிகிச்சைக்கு வரவேண்டி இருந்தது. தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தவர்களிலும், 2015இல் பிரித்தானியாவில் 250 பேரிடம் நடந்த ஆய்வு, சத்திரசிகிச்சையால் கூடுதல் நன்மை தெரியவில்லை என்றே சொன்னது.

எலும்பு பல துண்டாகச் சிதறியவர், உடம்பில் வேறு எலும்புகளும் முறிந்தவர், உறைக்குள் எலும்பு நேராக நிற்காதவர் போன்றோருக்குத் தகடு தேவைப்படலாம். சிறு வெட்டு முறை யாருக்குப் பொருந்தும் என்பதை, படத்தையும் ஆளையும் பார்த்து எலும்பு முறிவு நிபுணரே சொல்ல வேண்டும். இதிலும் நரம்பு பாதிக்கப்படலாம், எலும்பு சற்றுத் திரும்பிப் பொருந்தலாம். பழகிய கையும் எக்ஸ்-கதிர்த் திரையும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

மாம்புரி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நாட்களைப் பற்றித்தான். முதலில் எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டி, வீக்கம் குறையாமல் மூன்று கிழமை கழித்து வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்குள் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து இழுத்து நேராக்க முடியாது. சிறு வெட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு அப்போது பெரிய வெட்டு வேண்டியிருக்கும். நம் முறிவு வைத்தியர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதலில் ஒரு எக்ஸ்-கதிர்ப் படம் எடுங்கள். நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

விபத்து நடந்தால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றுங்கள், கை வீங்கினால் அவை இரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஒரு சாரத்தையோ துவாயையோ கொண்டு கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டுங்கள். இழுக்காதீர்கள், உருவாதீர்கள். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்லிப் பாருங்கள். நிமிர்த்த முடியாவிட்டால் நரம்பு அடிபட்டிருக்கலாம், அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நடுப்பகுதி முறிவுகளில் 100க்கு ஏறத்தாழ 12 பேருக்கு இப்படி ஆகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நரம்பின் வேலை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தானாகவே திரும்பி வருகிறது, ஆகவே மனம் தளர வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகு விரல்களை அன்றைக்கே அசைக்கத் தொடங்குங்கள். வைத்தியர் சொன்ன நாளிலிருந்து முழங்கைக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுங்கள். புகை பிடிப்பதை நிறுத்துங்கள். புகை இரத்தக் குழாய்களைச் சுருக்கி, எலும்பு பொருந்துவதைத் தள்ளிப்போடும். சீனி வருத்தம் இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். படத்தில் எலும்பு பொருந்தியது தெரியும்வரை, அநேகமாக மூன்று நான்கு மாதம், வலைக்கயிற்றையோ மூட்டையையோ தொடாதீர்கள். அந்த மாதங்களில் அண்ணன் தம்பிகளும் அயலவர்களும் கை முறிந்தவருடைய தொழிலில் ஒரு கை கொடுத்தால், குடும்பத்துக்காக அவசரப்பட்டு அவர் பாரம் தூக்கமாட்டார். வைத்தியசாலை கொடுக்க முடியாத மருந்து அது. அதைக் கொடுக்க உங்களால் முடியும்.